அரைப்புள்ளியில் முடிந்த தமிழ்

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், காலஞ்சென்ற தம் தந்தையார் ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் மேசைக் கணிப்பொறியில் தாமே தட்டச்சுச் செய்து வைத்த ஊர் வரலாற்றை, பழைய பெட்டியொன்றில் அகப்பட்ட குறுந்தகட்டிலிருந்து மீட்டு, தம் கைப்பேசிக்கு மாற்றி, மிகுந்த ஆவலோடு திறந்து பார்த்தார். அங்கே தமிழ் இல்லை. தலைப்பின் முதற்சொல் இருக்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சிறிய ஆங்கில எழுத்துகளும் அவற்றை ஒட்டி ஓர் அரைப்புள்ளியும் நின்றன. பக்கம் பக்கமாக அதே கோலம். உச்சரிக்க முடியாத ஆங்கில எழுத்துக் கூட்டங்களுக்கு நடுவே 1953 என்றும் 1974 என்றும் சில எண்கள் மட்டும் தெளிவாகக் கண்ணில் பட்டன. "அப்பா எழுதினதெல்லாம் பழுதாப் போச்சுது" என்று தொலைபேசியில் அவர் சொன்னபோது, அவருடைய குரலில் இருந்த துயரம் ஒரு கோப்பைப் பற்றியது மட்டுமன்று என்பது எனக்கு விளங்கியது.

அந்தக் கோப்பை எனக்கு அனுப்பச் சொல்லி ஆராய்ந்து பார்த்தேன். அதில் ஓர் எண்கூட மாறவில்லை. தந்தையார் விட்டுச்சென்ற நிலையிலேயே அது இருந்தது. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற அந்த ஐந்து குறிகள்தாம் அவர் எழுதிய 'தமிழ்' என்னும் சொல். பழுதானது கோப்பன்று, கோப்புக்கும் அதைப் படிக்கும் யந்திரத்துக்கும் இடையே ஒருகாலத்தில் நிலவிய உடன்பாடு. மேசைக் கணிப்பொறியில் செய்த ஒரு காரியம் கைப்பேசியில் ஏன் செல்லுபடியாகாமற் போகிறது என்ற கேள்வியை எந்தப் பக்கத்திலிருந்து அணுகினாலும், இறுதியில் இந்த உடன்பாடு என்னும் விஷயத்திலேயே வந்து நிற்கிறோம்.

கோப்பு என்று நாம் அழைப்பது, அதன் சாராம்சத்தில், 0 முதல் 255 வரையுள்ள எண்களின் நீண்ட வரிசையே ஆகும். கவிதையானாலும் கணக்கானாலும், திருமணப் புகைப்படமானாலும் நாதசுர இசையானாலும், யந்திரத்தின் வயிற்றில் அவை யாவும் இந்த எண்களாகவே கிடக்கின்றன. 107 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். ஓர் உடன்பாட்டின்படி அது ஆங்கிலச் சிறிய 'கே'. மற்றோர் உடன்பாட்டின்படி 'ம' என்னும் தமிழ் எழுத்து. படமொன்றில் அது ஒரு புள்ளியின் வெளிச்ச அளவு. நிரல் ஒன்றில் அது யந்திரத்துக்கு இடப்படும் கட்டளையின் ஒரு துண்டு. இந்த நான்கில் எது என்பதை அந்த எண் தானாகச் சொல்லாது. ஆகவே கோப்பு என்பது பாதிப் பொருள்தான். மற்றப் பாதி, அதைத் திறக்கும் யந்திரத்தின் அறிவில் இருக்கிறது. இரண்டு பாதிகளும் சேரும்போது நாம் எழுத்தைக் காண்கிறோம், குரலைக் கேட்கிறோம். சேராதபோது என் நண்பர் கண்டதைக் காண்கிறோம்.

நண்பரின் தந்தையார் பயன்படுத்தியது பாமினி என்னும் எழுத்துரு. இலங்கையிலும், புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் வாழும் நாடுகளிலும், அழைப்பிதழ் முதல் பத்திரிகை வரை நெடுங்காலம் அதுவே ஆட்சி செலுத்தியது. அது செய்த தந்திரம் எளிமையானது. 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி என்னும் அட்டவணை, 128 இடங்களில் ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் நிறுத்தற்குறிகளையும் அமர்த்தியிருந்தது; தமிழுக்கு அங்கே ஆசனமில்லை. கணிப்பொறிகளும் பெரும்பாலும் அந்த அட்டவணையையே சார்ந்திருந்தன. எனவே எழுத்துரு செய்தவர்கள், ஆங்கில எழுத்துகளின் உருவங்களை நீக்கிவிட்டு அவற்றின் இடத்தில் தமிழ் எழுத்துகளின் உருவங்களை வரைந்து வைத்தார்கள். 'ஜே'யின் இடத்தில் த, 'கே'யின் இடத்தில் ம, 'பி'யின் இடத்தில் இகரக் கொக்கி, 'ஓ'வின் இடத்தில் ழ, அரைப்புள்ளியின் இடத்தில் மெய்யின் புள்ளி. கணிப்பொறியோ 106, 107, 112, 111, 59 என்ற எண்களை வைத்துக்கொண்டு தான் ஆங்கிலத்தையே காட்டுவதாக நம்பிக்கொண்டிருந்தது. திரையில் பார்த்தவர் தமிழைப் படித்தார். எண் வடிவங்களை மட்டும் மாற்றாமல் விட்டார்கள் என்பதனாலேயே, சொற்கள் மறைந்த பின்பும் 1953-உம் 1974-உம் நண்பரின் கண்ணுக்குத் தெரிந்தன.

இந்த ஏற்பாட்டில் உடன்பாடு முழுவதும் எழுத்துருவுக்குள் ஒளிந்திருந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். அந்த எழுத்துரு நிறுவப்பட்ட மேசைக் கணிப்பொறியில் கோப்புக்கு உயிர் உண்டு. நிறுவப்படாத இடத்தில் இல்லை. மேசைக் கணிப்பொறியில் விரும்பிய எழுத்துருவை உரிமையாளரே சேர்த்துக்கொள்ளலாம். கைப்பேசியோ பெரும்பாலும் தன்னைச் செய்தவர் வைத்த எழுத்துருக்களோடு நின்றுவிடுகிறது. இக்காலத்தில் இதை ஒரு குறையாகச் சொல்லுகிறவர்கள், அன்று இந்தத் தந்திரம் இல்லாவிட்டால் ஒரு தலைமுறை முழுவதும் கணிப்பொறியில் தமிழே எழுதியிருக்க முடியாது என்பதை நினைவில் வைக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். வெவ்வேறு எழுத்துருக்கள் வெவ்வேறு ஆசன ஏற்பாடுகளைச் செய்துகொண்டபோது விளைந்த குழப்பத்தைத் தீர்க்க, உலகெங்குமிருந்த தமிழார்வலர் கூடி டிஸ்கி என்னும் பொதுக் குறியேற்றத்தை உருவாக்கினார்கள். 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டின் வழியாகத் தமிழ்நாடு அரசு டேப், டேம் என்னும் இரண்டு தரங்களை வகுத்தது. அவர்கள் உழைப்பு மெய்யானது. ஆனால் அவையாவும் 256 இடங்களுக்குள் தமிழை அடக்கும் முயற்சிகள். ஒரே எண் ஒரு நாட்டில் ஒரு மொழிக்கும் மற்றொரு நாட்டில் வேறு மொழிக்கும் உரியதாயிருக்கும் நிலையை அவை மாற்றவில்லை.

அதை மாற்றியது யூனிகோடு. உலகிலுள்ள எழுத்துமுறைகள் ஒவ்வொன்றுக்கும் வேறெதனோடும் பங்கிட வேண்டாத தனி எண்களை அளிப்பது என்னும் துணிவான யோசனையோடு அதன் முதற்பதிப்பு 1991-இல் வெளிவந்தது. அதிலேயே தமிழும் இடம்பெற்றது. அந்த ஏற்பாட்டில் த என்பது 2980, ம என்பது 2990, இகரக் கொக்கி 3007, ழ என்பது 2996, புள்ளி 3021. தந்தையார் தட்டிய ஐந்து விசைகளுக்கு ஈடாக இங்கும் ஐந்து எண்கள்தாம். ஆனால் இந்த ஐந்தையும் வேறெந்த மொழியின் எழுத்தாகவும் எந்த யந்திரமும் கொள்ள இயலாது. விண்டோஸ் 2000 பதிப்பு லதா என்னும் எழுத்துருவோடு இந்த உடன்பாட்டை மேசைக் கணிப்பொறிகளுக்குக் கொண்டுவந்தது. 2010-இல் தமிழ்நாடு அரசும் யூனிகோடைத் தன் தரமாக ஏற்றது.

எண்ணை அறிவதும் எழுத்தை எழுதத் தெரிவதும் ஒன்றல்ல. 'கொ' என்ற எழுத்தைப் பாருங்கள். தாளில் எழுதும் நாம் முதலில் ஒற்றைக் கொம்பும், பிறகு ககரமும், அதன்பின் காலும் இடுகிறோம். பாமினியும் அவ்வண்ணமே, கண்ணுக்குத் தெரியும் வரிசையில், மூன்று குறிகளாக அதைச் சேமித்தது. யூனிகோடோ காதுக்குக் கேட்கும் வரிசையைக் கைக்கொண்டது. முதலில் ககரம், அடுத்து ஒகரக் குறி, அவ்வளவே. அந்த ஒகரக் குறியை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை மெய்யின் முன்னும் மறுபாதியைப் பின்னும் வைப்பது காட்டுகின்ற யந்திரத்தின் கடமை. கணிப்பொறிகள் இந்த வித்தையைக் கற்ற பின்பும் கைப்பேசிகள் சில ஆண்டுகள் கல்லாதிருந்தன. அக்காலத்துக் கைப்பேசிகளில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தோன்றும், அல்லது கொம்புகள் மெய்யெழுத்துக்குப் பின்னே இடம்மாறி நிற்கும். இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் லினக்ஸ் மேசைக் கணிப்பொறியிலும் ஹார்ஃப்பஸ் என்னும் ஒரே மென்பொருள் இந்த வேலையைச் செய்வதனால்தான், இரண்டிலும் தமிழ் ஒரே முகத்தோடு நிற்கிறது. அதன் நிரல் எவரும் எடுத்து ஆளும்படி திறந்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது இங்கே முக்கியமான செய்தி.

இனி இந்தப் பெரிய எண்களைப் பைட் என்னும் சிறிய பெட்டிகளில் எவ்வாறு வைப்பது என்ற கேள்வி எழுகிறது. ககரத்தின் எண் 2965; ஒரு பைட்டில் 255-க்கு மேல் அடங்காது. இரண்டு பைட்டுகளில் பிரித்தால் 11, 149 என்றாகும், ஏனெனில் 11-ஐ 256-ஆல் பெருக்கி 149-ஐக் கூட்டினால் 2965 வருகிறது. ஆனால் சில யந்திரங்கள் பெரிய கூறை முன்னால் வைக்கின்றன. சில சிறிய கூறை முன்னால் வைக்கின்றன. ஒன்று எழுதிய 11, 149 என்பதை மற்றொன்று தலைகீழாகக் கொண்டால் வரும் 38155, சீன எழுத்துகளுக்குரிய பகுதியில் போய் விழுகிறது. முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று சண்டையிட்ட இரு கட்சியாரை ஜோனாதன் ஸ்விஃப்ட் 1726-இல் தம் கலிவர் கதையில் படைத்தார். 1980-இல் டேனி கோஹன் என்னும் கணிப்பொறி அறிஞர் அந்தக் கட்சிகளின் பெயரையே இந்த யந்திரங்களுக்கும் சூட்டிச் சமாதானம் வேண்டினார். அந்தச் சமாதானத்துக்கு மிகச் சிறந்த வழியைக் கண்டவர்கள் கென் தாம்ப்ஸனும் ராப் பைக்கும். 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியின் உணவு விடுதியொன்றில் இரவுணவின்போது மேசை விரிப்புத் தாளில் அவர்கள் வகுத்த யூடிஎஃப்-8 என்னும் முறை, முனைச் சண்டைக்கே இடமில்லாதபடி பைட்டுகளின் வரிசையை உறுதி செய்ததோடு, பழைய ஆஸ்கிக் கோப்புகளையும் ஓர் எண்கூட மாற்றாமல் அப்படியே ஏற்றுக்கொண்டது. அதன்படி ககரம் 224, 174, 149 என்று மூன்று பைட்டுகளில் அமைகிறது.

இவ்வளவு நேர்த்தியான முறை வந்த பின்பும் தவறு நேர்கிறதென்றால், அது சொல்லாமல் விடுவதனால் நேர்வது. கைப்பேசிச் செயலி ஒன்றில் சங்கத்து உறுப்பினர்களின் பெயர்ப்பட்டியலைத் தமிழில் உண்டாக்கி, அதைக் காற்புள்ளிகளால் பிரித்த எளிய பட்டியற்கோப்பாகச் சேமித்து, மேசைக் கணிப்பொறியின் எக்செல்லில் சொடுக்கித் திறந்தவர்கள், தமிழ்ப் பெயர்களுக்குப் பதிலாகத் தலைமேல் சாய்கோடிட்ட ஆங்கில 'ஏ' எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் எழுத்தும் கரும்புள்ளியும் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு திகைத்திருப்பார்கள். அந்த மூன்றும் வேறெதுவுமில்லை. 224, 174, 149 என்ற ககரத்தின் மூன்று பைட்டுகளை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய அட்டவணையின்படி படித்ததன் பயன். கைப்பேசி யூடிஎஃப்-8 முறையையே உலகெங்கும் உள்ளதாகக் கருதி எழுதியது. எக்செல், அடையாளம் ஏதும் இல்லாததனால், பழைய வழக்கமே என்று ஊகித்தது. கோப்பின் தலையில் 239, 187, 191 என்ற மூன்று எண்களை இட்டுவைத்தால் ஊகம் நீங்கி உண்மை விளங்கும். அல்லது சொடுக்கித் திறக்காமல், தரவை உள்ளே கொணரும் கட்டளையின் வழியே சென்று, குறியேற்றம் இன்னதென்று நாமே சொல்லிவிடலாம்.

இதைவிட நுட்பமான ஒரு சங்கடமும் உண்டு. 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு எண்களாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்பது யூனிகோடின் விதி. கண்ணுக்கு அணுவளவும் வேறுபாடு தெரியாது. ஆனால் 1998-இல் ஆப்பிள் நிறுவனம் தன் மேசைக் கணிப்பொறிகளுக்கு அமைத்த கோப்பு முறைமை, கோப்பின் பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. மற்ற இயங்குதளங்களில் விசைப்பலகை தந்த வடிவமே நிற்கிறது. எனவே அங்கிருந்து வந்த 'கொழும்பு' என்ற பெயருடைய கோப்பு கண்முன்னே இருக்க, அதே பெயரைத் தட்டித் தேடினால் அப்படியொன்று இல்லையென்று யந்திரம் சாதிக்கும் நிலை உண்டாகலாம். தேடும் மென்பொருள் இரண்டு வடிவங்களையும் ஒன்றாக்கிய பிறகே ஒப்பிட வேண்டும் என்பதை அறிந்து செய்பவர் நல்ல நிரலாளர்.

இதுகாறும் எழுத்தைப் பற்றிப் பேசினோம். மென்பொருளின் நிலை வேறு. மேசைக் கணிப்பொறியில் நன்றாக ஓடும் நிரலைக் கைப்பேசிக்கு அப்படியே மாற்றி ஓட்டமுடியாதா என்று கேட்கிறவர்கள் பலர். நிரலும் எண்களின் வரிசைதான். ஆனால் அதைப் படிப்பது புராசஸர் என்னும் சிற்றறிவுச் சில்லு, அதற்குத் தன் தாய்மொழி தவிர வேறு தெரியாது. பெரும்பாலான மேசைக் கணிப்பொறிகள், 1978-இல் இன்டெல் வெளியிட்ட 8086 சில்லின் வழித்தோன்றல்களுடைய மொழியைப் பேசுகின்றன. கைப்பேசிகளோ 1985-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏகார்ன் நிறுவனத்தில் ஸோஃபி வில்ஸனும் ஸ்டீவ் ஃபர்பரும் உருவாக்கிய ஆர்ம் சில்லின் வழிவந்த மொழியைப் பேசுகின்றன. 'அழைத்த இடத்துக்குத் திரும்பு' என்ற சாதாரணக் கட்டளை முன்னதில் 195 என்ற ஒரே பைட். 64 பிட் ஆர்ம் மொழியில் அதுவே 192, 3, 95, 214 என்று நான்கு பைட்டுகள். மொழி ஒன்றாகவே இருந்தாலும், திரையில் ஒரு சாளரம் திறக்கவோ கோப்பில் ஒரு வரி எழுதவோ ஒவ்வொரு நிரலும் இயங்குதளத்தைக் கெஞ்சிக் கேட்கவேண்டியிருக்கிறது. விண்டோஸிடம் கேட்கும் முறை ஆண்ட்ராய்டுக்குத் தெரியாது.

ஆனாலும் இது கடக்கவே முடியாத மதிலன்று. எந்தக் கணிப்பொறியின் செயலையும் தகுந்த நிரலோடு கூடிய மற்றொரு கணிப்பொறி நடித்துக் காட்டமுடியும் என்பதன் வித்து, 1936-இல் ஆலன் டூரிங் நிறுவிய பொது யந்திரக் கொள்கையிலேயே இருக்கிறது. காலமும் நினைவகமும்தான் அதற்குக் கொடுக்கும் விலை. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் மேசைக் கணிப்பொறிகளுக்கும் ஆர்ம் வழிச் சில்லை அமைத்தபோது, பழைய இன்டெல் நிரல்களைப் புதிய மொழிக்குப் பெயர்க்கும் ரொசெட்டா 2 என்னும் மென்பொருளையும் உடன் கொடுத்தது. 1799-இல் எகிப்தில் கிடைத்த, ஒரே செய்தியை மூன்று எழுத்துகளில் பொறித்த கல்லின் பெயர் அது. அந்தச் சில்லு மாற்றத்தின் பயனாக ஐபோனுக்கென எழுதிய செயலிகள் பலவும் மேசையிலேயே ஓடத் தொடங்கின. 1993-இல் தொடங்கிய வைன் என்னும் மென்பொருளோ மொழியைப் பெயர்ப்பதில்லை. விண்டோஸிடம் கேட்கும் கேள்விகளுக்கு லினக்ஸின் வாயிலாக விடை தருகிறது. நிரல் என்பது யந்திரத்துக்கு எழுதிய கடிதம், அதை யந்திரம்தோறும் மாற்றி எழுதுவதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கோப்பு மனிதர் மனிதருக்கு எழுதியது. அது யந்திரத்தோடு சாகக்கூடாது.

நிரலும் கோப்பும் எவ்வளவு நெருங்கிய உறவினர் என்பதைக் காட்ட ஒரு விசேஷத்தைச் சொல்லுகிறேன். ஆண்ட்ராய்டு செயலி அடங்கிய ஏபிகே கோப்பையும், வேர்டு மென்பொருள் உண்டாக்கும் டாக்எக்ஸ் கோப்பையும் எண்களாகப் பிரித்துப் பார்த்தால், இரண்டும் 80, 75 என்றே தொடங்கும். அவை 'பி', 'கே' என்ற எழுத்துகள். 1989-இல் ஜிப் என்னும் சுருக்க முறையை வெளியிட்ட ஃபில் காட்ஸின் பெயரின் முதலெழுத்துகள். இரண்டும் உண்மையில் ஜிப் மூட்டைகளே. டாக்எக்ஸ் மூட்டையை அவிழ்த்தால், உள்ளே நாம் எழுதிய வாசகங்கள் கோணக்குறிகளுக்கு நடுவே யூடிஎஃப்-8 எழுத்துகளாக வெளிப்படையாக நிற்பதைக் காணலாம். 2007-க்கு முற்பட்ட வேர்டு கோப்புகள் தம் உள்ளமைப்பைப் பலகாலம் வெளியுலகுக்குத் தெரிவிக்காமல் மூடி வைத்திருந்தன. புதிய அமைப்பின் விதிகள் அச்சிட்டு வெளியிடப்பட்டு 2008-இல் சர்வதேசத் தரமாகவும் ஆயின. இன்று கைப்பேசியிலுள்ள எத்தனையோ செயலிகள் அதைத் திறக்கமுடிகிறதென்றால் அதன் காரணம் இதுவே. கோப்பின் பெயருக்குப் பின்னுள்ள மூன்றெழுத்தை மாற்றிவிட்டால் கோப்பே மாறிவிடும் என்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பானையின் மேல் ஒட்டிய சீட்டு மட்டும், உள்ளே இருப்பது உப்பா சர்க்கரையா என்பதைச் சீட்டு தீர்மானிப்பதில்லை.

இருப்பினும், வாசகம் பிழையின்றி வந்தும் பக்கம் கலைந்துபோவது உண்டு. டாக்எக்ஸ் கோப்பு, வழக்கமாக, எழுத்துருவின் பெயரை மட்டும் சுமக்கிறது, எழுத்துருவைச் சுமப்பதில்லை. கைப்பேசியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் வேறொன்று அதன் இடத்தில் வரும். அதன் எழுத்துகள் மயிரிழை அகலமாக இருந்தாலும், வரி உடைந்து, பத்தி நீண்டு, பத்தாம் பக்கத்தில் இருந்த அட்டவணை பதினோராம் பக்கத்துக்கு நகர்ந்துவிடும். இதற்கென்றே ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன் ஆகியவற்றின் அகலங்களை அப்படியே ஒத்த லிபரேஷன் எழுத்துருக்கள் 2007-இல் பொதுவில் வழங்கப்பட்டன. 1993-இல் அடோபி வெளியிட்ட பிடிஎஃப் வேறு வழியை மேற்கொண்டது. வேண்டிய எழுத்துருவின் பகுதியையே கோப்புக்குள் வைத்துக் கட்டிவிட்டது. ஆகவே பாமினியில் எழுதிய ஒரு நூலைப் பிடிஎஃப் ஆக்கினால் அது எந்தக் கைப்பேசியிலும் அழகாகத் தெரியும். தெரிகிறதே என்று திருப்தியடைந்தவர், அதில் 'தமிழ்' என்று தட்டித் தேடினால் ஓரிடத்திலும் அகப்படாது. ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் மறுபடியும் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. உருவம் பிழைத்தது, எழுத்து பிழைக்கவில்லை. நம் நூல்களை இப்படிப் பாதுகாத்துவிட்டதாக எண்ணியிருக்கும் பதிப்பகங்களும் நூலகங்களும் இந்த வேறுபாட்டை ஒருமுறை சோதித்துப் பார்க்கவேண்டுமென்று மன்றாடிக் கேட்டுக்கொள்வேன்.

கோப்புகள் வசிக்கும் இடத்திலும் இரு உலகங்களுக்கு வேறுபாடு உண்டு. மேசைக் கணிப்பொறியில் கோப்பு ஒரு பொது அடுக்கில் இருக்கும், எந்த மென்பொருளும் வந்து எடுக்கலாம். கைப்பேசியிலோ ஒவ்வொரு செயலிக்கும் தனியறை, அந்த அறையில் வைத்த கோப்புகள் செயலியை நீக்கும்போது அதனோடு போய்விடலாம். பாதுகாப்புக்கு இது நல்லதே. ஆனால் சேமித்தது எங்கே போயிற்று என்று மேசைக் கணிப்பொறியில் பழகியவர் தேடித் தவிப்பதும் இதனாலேயே. நினைவட்டையின் பழைய எஃப்ஏடி-32 முறை 4 ஜிகாபைட்டை எட்டும் ஒரே கோப்பை ஏற்காது என்பதும், 2017 முதல் ஐபோன் எடுக்கும் படங்கள் ஜேபெக் என்னும் பழைய வடிவில் இல்லாமல் புதிய சுருக்க வடிவில் இருப்பதனால் பல விண்டோஸ் கணிப்பொறிகள் கூடுதல் மென்பொருளின்றி அவற்றைத் திறப்பதில்லை என்பதும் இதே இனத்தைச் சேர்ந்த சிறு இடர்கள்.

நண்பரின் கோப்புக்கு வருவோம். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் நிரல்கள் இருக்கின்றன. அவை செய்யும் வேலை, 106 வந்தால் 2980, 107 வந்தால் 2990 என்று எண்ணுக்கு எண் ஈடு வைப்பதும், கண்வரிசையில் உள்ள கொம்புகளைக் காதுவரிசைக்குக் கொண்டுபோவதுமே. சில நொடிகளில் ஊர் வரலாறு முழுவதும் தமிழாயிற்று. கிணறு வெட்டியது, பள்ளிக்கூடம் வந்தது, வாசிகசாலை தொடங்கியது, தேர்முட்டி கட்டியது என்று வரிகள் ஒவ்வொன்றாக அந்தக் கைப்பேசியில் விரிந்தன. நண்பர் ஒரே மூச்சில் படித்துவிட்டு, ஓரிடத்தில் மட்டும் பொருள் விளங்கவில்லை என்று எழுதினார். 1953-இல் வாசிகசாலைக்கு வானொலிப் பெட்டி வந்த செய்தியில், 'வானொலி' என்ற சொல்லை அடுத்து 'சயனழை' என்று ஒரு சொல் இருக்கிறதாம். அகராதியில் இல்லை, ஊரில் முதியவர்களுக்கும் தெரியவில்லை.

அந்தச் சொல்லை விசை விசையாகப் பின்னோக்கிப் பிரித்தேன். சகரம் பாமினியில் ஆங்கில 'ஆர்', யகரம் 'ஏ', னகரம் 'டி', ஐகாரக் கொம்பு 'ஐ', ழகரம் 'ஓ'. தந்தையார் வானொலிக்கு அருகில் ஆங்கிலத்திலேயே 'ரேடியோ' என்று எழுதியிருந்தார். எந்தச் சொல் எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்ற குறிப்பு அந்த வெற்றுரைக் கோப்பில் இல்லாததனால், மாற்றும் நிரல் அதையும் தமிழென்றே எண்ணிப் பெயர்த்துவிட்டது. முதல் நாளில் நண்பர் அந்தக் கோப்பைத் திறந்தபோது, அத்தனை பக்கங்களிலும் கைப்பேசி பிழையில்லாமல் காட்டிய ஒரே சொல் அதுதான்.